பிள்ளைகளின் பிணக்கைப் பிள்ளைகளே தீர்க்கலாமா?

சமவயதினர் மன்றங்கள் பற்றி ஒரு விளக்கம்

பெல்மதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைகளின் குற்றம் என்று பேசப்படுபவை பெரும்பாலும் சிறியவையே. றப்பர் மலையில் சிரட்டையில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை எடுத்து நகரத்துக் கடையில் விற்றான். பாடசாலை யன்னலுக்குக் கல் எறிந்தான். பஸ்ஸில் அடுத்த கணக்குப் பையனோடு கைகலந்தான். கூடப் படிக்கும் பிள்ளையைப் பற்றிக் கைத்தொலைபேசியில் கேவலமாக எழுதி நாலு பேருக்கு அனுப்பினாள். இவற்றைச் செய்வோர் 13, 14 வயதுப் பிள்ளைகள்.

குற்றம் சிறியது. அதன்பின் நடப்பது சிறியதாக இருப்பதில்லை. இன்று எமது தோட்டங்களில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது வீட்டில் விழும் அடி. இரண்டாவது, தலைவர்மாரும் கோயில் கமிட்டியாரும் கூடிப் பேசும் பஞ்சாயத்து. அங்கே பேசுபவர்கள் பெரியவர்கள், தண்டம் கட்டுபவர் தகப்பன். பிள்ளையோ ஒரு மூலையில் தலைகுனிந்து நிற்கும். மூன்றாவது பொலிஸ். தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத இடத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே தகப்பன் கையொப்பம் வைப்பார். இம்மூன்றில் எதன் முடிவிலும் லயத்தில் அந்தப் பிள்ளைக்குக் ‘கள்ளன்’ என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. பெயர் நிலைத்தபின் பாடசாலைக்குப் போகக் கால் எழுவதில்லை. சில மாதங்களில் அவன் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்பான். நூறு ரூபா ஒட்டுப்பாலுக்காக ஒரு பிள்ளையின் படிப்பு போய்விடுகிறது.

நான்காவது வழி ஒன்று உண்டா? உலகின் சில இடங்களில் பிள்ளைகளின் சிறு குற்றங்களை அவர்களது வயதை ஒத்த பிள்ளைகளே தொண்டர்களாக இருந்து விசாரிக்கும் மன்றங்கள் இயங்குகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எமது தோட்டங்களுக்கு அவை பொருந்துமா என்று இங்கே ஆராய்வோம்.

அமெரிக்காவின் இளையோர் மன்றங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒடெசா என்னும் நகரில் 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இளையோர் மன்றம் பின்னர் பல நகரங்களுக்கு முன்மாதிரியாயிற்று. இன்று அந்நாட்டில் இத்தகைய மன்றங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பாடசாலை மாணவ மாணவியர் தாமாக முன்வந்து பயிற்சி பெற்று, கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்து, இவற்றில் பணியாற்றுகிறார்கள்.

மன்றங்கள் நால்வகைப்படும். ஒன்றில் நீதிபதியாக ஒரு பெரியவர் அமர, மற்றப் பொறுப்புகளை இளையோர் வகிப்பர். இன்னொன்றில் நீதிபதியும் ஓர் இளையவரே. மூன்றாவது வகையில் யூரிமாராக அமர்ந்த இளையோர் தவறு செய்தவரை நேரடியாகக் கேள்வி கேட்பர். நான்காவது வகையில் மூன்று இளையோர் நீதிபதிகளாகச் சேர்ந்து அமர்வர்.

வகை எதுவானாலும் பெரும்பாலான மன்றங்களில் காணப்படும் பொதுவான அம்சங்கள் சில உண்டு. அவற்றைக் கவனமாக நோக்க வேண்டும்.

முதலாவது: தவறை ஒப்புக்கொண்ட பிள்ளையே அங்கு வருகிறது. ‘செய்தானா, செய்யவில்லையா’ என்பதை இம்மன்றங்கள் பொதுவாகத் தீர்மானிப்பதில்லை. ‘இனி என்ன செய்வது’ என்பதே அவற்றின் கேள்வி.

இரண்டாவது: பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தே வருகின்றனர். விரும்பாதவர் வழக்கமான நீதிமன்ற வழிக்குச் செல்லலாம்.

மூன்றாவது: மன்னிப்புக் கடிதம், பொதுப்பணி, நட்டத்தை ஈடுசெய்தல் போன்றவையே விதிக்கப்படுகின்றன. சிறையோ அடியோ இல்லை.

நான்காவது: தீர்ப்பைப் பெற்ற பிள்ளை பின்னொரு நாளில் இன்னொருவரின் விசாரணையில் யூரியாக அமர வேண்டும் என்று பல மன்றங்கள் விதிக்கின்றன. நேற்று குற்றவாளியாக நின்றவன் இன்று இன்னொருவனின் கதையைக் கேட்கும் பொறுப்பில் இருக்கிறான். இவ்வேற்பாட்டின் உயிர்நாடி இதுவே என்பது எமது கருத்து.

இதனால் பயன் உண்டா? வாஷிங்டனில் உள்ள ஏர்பன் இன்ஸ்டிடியூட் என்னும் ஆய்வு நிறுவனம் நான்கு மாநிலங்களில் நடத்திய ஆய்வை 2002-இல் வெளியிட்டது. அலாஸ்காவில் இளையோர் மன்றத்துக்கு வந்தவர்களுள் ஆறு மாதத்துக்குள் மீண்டும் தவறு செய்தோர் 6 வீதம். வழக்கமான முறையில் விசாரிக்கப்பட்டோருள் 23 வீதம். மிசூரியில் இது முறையே 9 வீதம், 28 வீதம். ஏனைய இரு மாநிலங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே மன்றம் என்ற பெயரை வைத்தவுடன் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று எண்ணுதல் தவறு. அதை நடத்தும் விதமே பயனைத் தீர்மானிக்கிறது. அலாஸ்காவின் அங்கரேஜ் நகர மன்றத்தில் நீதிபதிகளாக அமர்ந்தவர்கள் இளையோரே என்பதையும் நினைவில் வைப்போம்.

வார்சோவின் அநாதை இல்லத்தில்

அமெரிக்காவுக்கு வெகு முன்னரே இவ்வெண்ணத்தை நடைமுறைப்படுத்தியவர் போலந்து நாட்டின் யானுஷ் கொர்ச்சாக். குழந்தை மருத்துவரும் எழுத்தாளருமான அவர் 1912 முதல் வார்சோ நகரில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றை நடத்தினார். அங்கே வாரந்தோறும் பிள்ளைகளின் நீதிமன்றம் கூடியது. அந்த வாரத்தில் தம்மீது வழக்கு இல்லாத பிள்ளைகளுள் சீட்டுக் குலுக்கி ஐந்து நீதிபதிகள் தெரிவு செய்யப்பட்டனர். பெரியவர் ஒருவர் செயலாளராக இருந்து எழுதுவார்; அவருக்கு வாக்கு இல்லை.

அம்மன்றத்தின் சட்டக்கோவை விசித்திரமானது. முதல் 99 பிரிவுகளும் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கும் மன்னிப்பதற்கும் உரியவை. அறியாமல் செய்தான், பயத்தில் செய்தான், ஏற்கெனவே வருந்திவிட்டான் என்று மன்னிக்கக்கூடிய காரணங்களைத் தேடித்தேடி எழுதி வைத்திருந்தார் கொர்ச்சாக். 100-ஆம் பிரிவு ‘நீ செய்தது உண்மை’ என்று கூறுவதோடு நின்றுவிடும். அதன்பின் 200, 300 என ஏறி, இல்லத்தைவிட்டு நீக்குவது 1000-ஆம் பிரிவிலேயே வரும்.

பெரியவர்கள்மீதும் அங்கே வழக்குத் தொடரலாம். ஆறு மாத காலத்தில் கொர்ச்சாக் தாமே ஐந்து முறை அம்மன்றத்தின் முன் நின்றார். ஒரு பையனின் காதில் அடித்ததும், ஒரு சிறுமியைக் களவு செய்தாள் என்று சந்தேகித்ததும் அவற்றுள் அடங்கும். மன்றம் எப்போதும் சீராக நடந்ததென்றும் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் அதைத் துஷ்பிரயோகம் செய்தபோது சிறிது காலம் நிறுத்தி, விதிகளைத் திருத்தி, மீண்டும் தொடங்க நேர்ந்தது. 1942 ஓகஸ்ட் மாதத்தில் நாசிப் படையினர் அந்த இல்லத்தின் பிள்ளைகளை திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பியபோது கொர்ச்சாக்கும் அவர்களோடு சென்று மடிந்தார். பிற்காலத்தில் சிறுவர் உரிமைகளுக்கென ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 1978-இல் ஐ.நா. சபையில் முன்மொழிந்த நாடும் போலந்துதான்.

எமக்கு அருகில்

தொலைதூர நாடுகளின் செய்திகள் எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அயலில் பார்ப்போம். இராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் இரவுப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் 1993 முதல் தமக்கெனப் பாராளுமன்றம் ஒன்றைத் தேர்தல் வைத்துத் தெரிவு செய்துவந்தார்கள். பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகள் அவர்கள். ஆசிரியர் வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று பார்த்து முறையிடும் பொறுப்பு அந்தப் பாராளுமன்றத்துக்கு இருந்தது. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் குருவானவர் எட்வின் ஜான் முன்னின்று வளர்த்த அண்டை அயல் சமூக இயக்கத்திலும் ஏறத்தாழ முப்பது வீடுகளுக்கு ஒரு சிறுவர் பாராளுமன்றம் என்ற ஏற்பாடு உருவானது.

இவை நீதிமன்றங்கள் அல்ல. ஆயினும் கூட்டத்தில் முறைப்படி பேசுதல், பிறர் பேசும்போது கேட்டிருத்தல், முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்றல் ஆகிய மூன்றையும் ஏழைப் பிள்ளைகளாலும் செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று. முப்பது வீடு என்பது எமக்கு ஒன்றிரண்டு லயம். அளவு எமக்குப் பழக்கமானதே.

எமது நாட்டுச் சட்டம்

1939-ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே சிறுவர் நீதிமன்றங்களுக்கு இன்றும் அடிப்படை. குற்றப் பொறுப்பு வயது நீண்ட காலமாக 8 ஆக இருந்தது. 2018-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு அது 12 ஆக உயர்த்தப்பட்டது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் சட்டத்தின் முன் குற்றமாகாது. 12-க்கும் 14-க்கும் இடைப்பட்ட பிள்ளை தன் செயலின் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அடைந்திருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். இதைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

இலங்கை 1991-இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. 40-ஆம் உறுப்புரை, பொருத்தமான இடங்களில் நீதிமன்றத்துக்குச் செல்லாமலே பிள்ளைகளின் விடயத்தைக் கையாளும் வழிகளை ஊக்குவிக்குமாறு கூறுகிறது.

பெரியவர்களுக்கு அத்தகைய வழி எமது நாட்டில் ஏற்கெனவே உண்டு. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளே அவை. எமது மக்கள் இவற்றை இணக்க சபை என்றும் சொல்வர். அங்கே அமரும் மூவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஒருவரை ஒரு தரப்பும் மற்றவரை மறுதரப்பும் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வர். இவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வர உதவுகிறார்கள். எமது இளையோர் மன்றத்துக்கு மிக நெருங்கிய உறவு இதுவே. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் அமைக்கும் சிறுவர் கழகங்களும் உள்ளன. வித்து ஊன்ற நிலம் இருக்கிறது.

தோட்டத்தில் நீதி யாருடையது?

தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் நீதி என்பது எப்போதும் மேலிருந்து இறங்கிய ஒன்று. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கடன் கணக்கைச் சுமந்த ‘துண்டு’ இல்லாமல் ஒருவர் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. துரை சொன்னது தீர்ப்பு. கங்காணி சொன்னது சாட்சி. அதன்பின் தொழிற்சங்கங்கள் வந்தன, வாக்குரிமை வந்தது, நிலைமை பெரிதும் மாறியது. ஆயினும் ‘பெரியவர் ஒருவர் வந்து சொல்லட்டும்’ என்று காத்திருக்கும் பழக்கம் எம்மிடம் இன்னும் மறையவில்லை.

சப்ரகமுவவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கு நீதிமன்ற நடவடிக்கைகள் சிங்களத்தில் நடக்கின்றன. தமிழில் பேசவும் மொழிபெயர்ப்பைக் கோரவும் அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் உரிமை கிடைக்கும். சொந்த மொழியில், சொந்த லயத்தில், தன் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகச் சொல்லிப் பழகாத பிள்ளை, நாளை இரத்தினபுரி நீதிமன்றத்தில் எப்படி வாய் திறக்கும்? இளையோர் மன்றத்தின் பெரிய பயனை நாம் இங்கேதான் காண்கிறோம். தவறு செய்த ஒரு பிள்ளை திருந்துவது ஒரு பயன். அதைக் கேட்க அமர்ந்த ஐந்து பிள்ளைகள் இரு பக்கமும் கேட்கப் பழகுவது அதனிலும் பெரிய பயன்.

நடைமுறையில் எப்படி?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். 14 வயதுப் பையன் ஒருவன் ஒட்டுப்பால் எடுத்து விற்றுவிட்டான், ஒப்புக்கொண்டும் விட்டான். கீழ்க்கணக்கில் பால் வெட்டும் ஓர் அம்மாவின் மரங்கள் அவை. அவர் ஒட்டுப்பாலைச் சேர்த்துக்கொண்டுபோய் நிறுத்தால்தான் அதன் காசு அவர் கணக்கில் விழும்.

வாசிகசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ ஐந்து இளையோர் வட்டமாக அமர்கின்றனர். பிரட்டுக்களம் வேண்டாம்; அது கட்டளை இடும் இடம். கோயிலும் வேண்டாம், தேவாலயமும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இடமே தகும். பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் பின்னால் அமைதியாக இருக்கிறார். முதலில் அந்த அம்மா பேசுகிறார். “மாமி, அந்தக் கிழமை உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சிச்சு?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்கிறாள். பிறகு பையன் பேசுகிறான். “தம்பி, அந்த மரம் யாரோடதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தியா?” தோட்டத்துப் பொருள் என்று எண்ணியே எடுத்தேன் என்கிறான் அவன். அடுத்த லயத்து மாமியின் சம்பளத்தை எடுத்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்குகிறது. காசு எதற்கு என்று கேட்டால், வகுப்புக் கட்டணம் என்றோ சப்பாத்து என்றோ ஒரு விடை வரலாம். பிள்ளை கொண்டுவந்ததைக் கேள்வி கேட்காமல் வாங்கிய கடைக்காரரின் பங்கும் அப்போது வெளிவரும்.

இணக்கம் எழுதப்படுகிறது: மாமியிடம் நேரில் மன்னிப்புக் கேட்பது, காசைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பது, அடுத்த மூன்று அமர்வுகளில் கேட்பவர்களுள் ஒருவனாக இருப்பது. எல்லாம் நிறைவேறியபின் அந்தத் தாள் கிழிக்கப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஒரு நாள் மலையில் வேலை செய்யட்டும்’ என்று விதிக்கக் கூடாது. பிள்ளையிடம் கூலியில்லா வேலை வாங்குவது தவறு என்பது ஒருபுறம். உழைப்பைத் தண்டனையாக்கினால், அதே உழைப்பால் தன்னை வளர்க்கும் தாயின் தொழிலைத் தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொள்ளும் என்பது மறுபுறம்.

தொடக்கூடாதவை

சில விடயங்கள் எந்நிலையிலும் இளையோர் மன்றத்துக்கு வரக்கூடாது. பாலியல் துஷ்பிரயோகம், கடுமையான காயம், போதைப்பொருள் விற்பனை, பெரியவர் ஒருவர் பிள்ளைக்குச் செய்த கொடுமை ஆகியவை அத்தகையன. இவற்றைத் தோட்டத்துக்குள்ளே பேசித் தீர்ப்பது பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். காதல் விவகாரங்களும் சாதிப் பேச்சும் இம்மன்றத்தின் விசாரணைப் பொருள்களாகக் கூடாது. மன்றத்துக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே அனைவருக்கும் சொல்லிவிட வேண்டும். சம்மதமே அதன் ஒரே பலம்.

ஆபத்துகள்

இளையோர் பெரியவர்களைவிடக் கடுமையாகத் தண்டிக்கக்கூடும். அதிகாரத்தின் ருசி 15 வயதிலும் ஏறும். ஆகவே நிரந்தர நீதிபதிகள் வேண்டாம், சீட்டுக் குலுக்குவோம். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, ஆண், பெண், வெவ்வேறு சங்கத்துக் குடும்பங்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் இருக்க வேண்டும். கெட்டிக்கார மாணவர்களை மட்டும் சேர்த்தால் அது இன்னொரு மாணவத் தலைவர் சபையாகிவிடும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையும், முன்பு தவறு செய்த பிள்ளையும் அங்கே அமர வேண்டும்.

இரகசியம் காப்பது எல்லாவற்றிலும் கடினம். லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கேட்டதைக் கேட்ட இடத்திலே விட்டுவிட்டு வருவதையே முதல் பயிற்சியாக வைக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு உண்மையான வழக்குகளை எடுக்காமல் நடித்துப் பழகலாம். ஒருமுறை குற்றம் சாட்டியவராகவும், அடுத்த முறை குற்றம் சாட்டப்பட்டவராகவும், பிறகு கேட்பவராகவும் ஒவ்வொரு பிள்ளையும் இருந்து பார்க்கட்டும்.

பெரியவர்களாகிய எமக்கும் ஒரு பரீட்சை உண்டு. பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொண்டால், ஒருநாள் எம்மைப் பற்றியும் கேட்பார்கள்: ஆசிரியர் ஏன் அடித்தார், தலைவர் ஏன் ஒருபக்கம் பேசினார், சுவாமியார் ஏன் விசாரிக்காமல் ஏசினார் என்று. அப்போது அந்த வட்டத்தில் நாமும் ஒருவராக அமர்ந்து பதில் சொல்ல ஆயத்தமா? கொர்ச்சாக் அமர்ந்தார். அந்த ஆயத்தம் இல்லாத இடத்தில் இம்மன்றத்தைத் தொடங்காதிருத்தலே நலம். இருக்கும் இடத்தில் ஐந்து பிள்ளைகளும் ஒரு பாயும் போதும்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் தோட்டத்தில் கடந்த ஒரு வருடத்தில் பிள்ளைகள் செய்த சிறு தவறுகள் எவை? ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது? அந்தப் பிள்ளைகள் இன்று பாடசாலைக்குப் போகிறார்களா?

2. அவற்றுள் எவற்றை இளையோர் மன்றம் கேட்டிருக்கலாம்? எவற்றைக் கேட்டிருக்கக் கூடாது? ஏன்?

3. உங்கள் பிரிவில் சிறுவர் கழகம் இயங்குகிறதா? அதில் யாருடைய பிள்ளைகள் இல்லை?

4. பிள்ளைகள் உங்கள்மீது முறையிட்டால் நீங்கள் வந்து அமர்வீர்களா?